பாரிஸில் 29 பதக்கம், "அங்கே போட்டியே கம்மி" என்கிறார்கள், இது சரிதானா?

தறிவீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற ஒரு கேள்வி. எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம், வேலை சென்னையில். 2024 செப்டம்பர் தொடக்கத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான பாரிஸ் பாராலிம்பிக்ஸில் துளசிமதி முருகேசனும் மனிஷா ராமதாஸும் மோதிய பேட்மிண்டன் அரையிறுதியைப் போனில் பார்த்தேன். துளசிமதி எங்கள் ஊர்ப் பெண், மனிஷா திருவள்ளூர். வலைக்கு இந்தப் பக்கமும் நம்ம பெண், அந்தப் பக்கமும் நம்ம பெண், யார் ஜெயித்தாலும் இன்னொருத்தி தோற்க வேண்டும் என்கிற நிலையில் முதல் செட் 23-21 வரை இழுத்துக்கொண்டு போனது, நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து நின்றேதான் பார்த்தேன். அதற்கு முன்னால் பாரா விளையாட்டு ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

மறுவாரம் ஆபீசில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். உடன் வேலை பார்க்கிற ஒருவர், நல்ல மனிதர்தான், சட்டென்று சொல்லிவிட்டார்: "ஒலிம்பிக்ஸுக்கு 117 பேர் போய் 6 பதக்கம். பாராலிம்பிக்ஸுக்கு 84 பேர் போய் 29. இதிலிருந்தே தெரியவில்லையா? அங்கே போட்டி போட ஆளே கிடையாது, ஒவ்வொரு பிரிவிலும் நாலைந்து பேர்தான், போனாலே பதக்கம்." எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பதில் வரவில்லை. SU5 என்றால் என்ன, F51 என்றால் என்ன என்பதே எனக்குத் தெரியாதபோது என்னத்தை வாதாடுவது?

அதனால் இங்கே கேட்கிறேன். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறதா? இந்தப் பிரிவுகளை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? இந்த 29 நிஜமாகவே நாம் வளர்ந்ததைக் காட்டுகிறதா? ஆறுதலுக்காக யாரும் பதில் சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்.


பிடி_வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி. சேலம் பக்கம் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாற்றுத்திறனாளி மாணவர்களின் தடகளப் போட்டிகளுக்கு அதிகாரியாகப் பல வருடம் நின்றிருக்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 329 பதக்கப் போட்டிகள், சுமார் 10,500 பேர். பாராலிம்பிக்ஸில் 549 பதக்கப் போட்டிகள், ஆனால் வந்தவர்கள் சுமார் 4,400 பேர். ஆக, ஒரு பதக்கத்துக்கு மோதுகிறவர்கள் எண்ணிக்கை ஒலிம்பிக்ஸைவிடக் குறைவுதான். 6-ஐயும் 29-ஐயும் பக்கத்தில் வைத்து "இவர்கள் அவர்களைவிட ஐந்து மடங்கு உயர்ந்தவர்கள்" என்று சொல்வது எப்படித் தப்போ, அதே மாதிரிதான் "போனாலே பதக்கம்" என்பதும்.

ஏன் தப்பு என்றால், 2016 ரியோவிலும் இதே அமைப்புதான், 528 பதக்கப் போட்டிகள் இருந்தன. நாம் அனுப்பியது 19 பேர், வாங்கியது 4. டோக்கியோவில் 54 பேர், 19 பதக்கம். பாரிஸில் 84 பேர், 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம், பட்டியலில் 18-ஆவது இடம். 1972-லிருந்து 2016 வரை எல்லாம் சேர்த்தே நமக்கு 12 பதக்கம்தான். போட்டி லேசு என்றால் அந்த 44 வருடமும் லேசாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

சரி, பிரிவுகளுக்கு வருகிறேன். T என்றால் ஓட்டமும் தாண்டுதலும், F என்றால் எறிதல். எண்தான் முக்கியம். 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு. 20 அறிவுத்திறன் குறைபாடு, நம்ம தெலங்கானாப் பெண் தீப்தி ஜீவாஞ்சி 400 மீட்டரில் வெண்கலம் வாங்கியது இதில்தான். 30-களில் பெருமூளை வாதம் போல உடல் அசைவின் ஒத்திசைவு பாதிக்கப்பட்டவர்கள், 40, 41 உயரம் குறைந்தவர்கள், 42 முதல் 47 வரை கால் அல்லது கையில் குறைபாடு, 50-களில் உட்கார்ந்து விளையாடுகிறவர்கள், 60-களில் செயற்கைக் காலோடு இறங்குகிறவர்கள். பொதுவாக ஒரே வகைக்குள் எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் விளையாட்டு நிபுணர்களும் சேர்ந்து உடலைச் சோதித்து, விளையாடுவதையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஏனோதானோ என்று செய்கிற காரியம் இல்லை. டோக்கியோவில் வினோத் குமார் வட்டு எறிதலில் வெண்கலம் வென்ற பிறகு, அவரை F52 பிரிவில் சேர்க்க முடியாது என்று அறிவித்து அந்தப் பதக்கமே போயிற்று. அவ்வளவு கண்டிப்பு.

F51 என்று கேட்டீர்கள். நான் பார்த்ததிலேயே கடினமான போட்டி அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்கள். காலில் அசைவு கிடையாது, இடுப்புக்குப் பலம் கிடையாது, விரல் மடங்காது. அவர்களுக்குத்தான் கிளப் த்ரோ. 397 கிராம் எடையில் ஒரு மரக்கட்டை, பார்க்க நம்ம கர்லாக்கட்டையின் குட்டி மாதிரி இருக்கும். தரையோடு கட்டி இறுக்கிய இரும்பு இருக்கையில் ஆளை வாரால் பிணைத்து உட்கார வைப்பார்கள். பிடிக்க விரலில் பலம் இல்லாததால் கட்டையை விரல்களுக்கு நடுவில் செருகிக்கொள்ள வேண்டும். சிலர் முதுகைத் திருப்பி உட்கார்ந்து தலைக்கு மேலாகப் பின்னோக்கி வீசுவார்கள். ஆறு வாய்ப்பும் ஒரே மூச்சில், அடுத்தடுத்து. பாரிஸில் தரம்பீர் முதல் நான்கு எறிதலும் ஃபவுல். ஐந்தாவது 34.92 மீட்டர், தங்கம். பிரணவ் சூர்மா 34.59, வெள்ளி. தரம்பீருக்கு இதைக் கற்றுக்கொடுத்த அமித் குமார் சரோஹாவும் அதே போட்டியில் இறங்கிக் கடைசி இடம் பிடித்தார். குரு கடைசி, சிஷ்யன் முதல். அந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

உங்கள் நண்பரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். விரலை மடக்காமல் ஒரு தண்ணீர் பாட்டிலை உட்கார்ந்தபடியே எறிந்து பார்க்கச் சொல்லுங்கள். 35 மீட்டர் வேண்டாம், 10 மீட்டர் போகட்டும்.


ஒத்தைராக்கெட் எழுதியது:

பி.டி. சார் தடகளம் சொல்லிவிட்டார், நான் பேட்மிண்டன் மட்டும்.

SU5 என்றால் கையில் குறைபாடு உள்ளவர்கள், நின்று ஆடுவார்கள், முழு கோர்ட்டும் உண்டு. துளசிமதிக்கு இடது கை, மனிஷாவுக்குப் பிறக்கும்போதே வலது கை நரம்பில் பாதிப்பு. பார்ப்பதற்கு "ஒரு கையால்தானே பேட் பிடிக்கிறோம், இன்னொரு கை எதற்கு" என்று தோன்றும். ஆடிப் பாருங்கள். பின்கோட்டுக்கு ஓடி ஸ்மாஷ் அடிக்கும்போது இன்னொரு கைதான் துலாக்கோல் மாதிரி உடம்பை நிறுத்தும். அது இல்லை என்றால் அடித்த கையோடு உடம்பும் சேர்ந்து சரியும், திரும்பி நடுவுக்கு வர அரை வினாடி கூட ஆகும், அதற்குள் ஷட்டில் கீழே விழுந்துவிடும். இதையெல்லாம் கால் வேகத்தில் ஈடுகட்டுகிறார்கள்.

அரையிறுதி 23-21, 21-17. இறுதியில் சீனாவின் யாங் சியூசியாவிடம் 17-21, 10-21 என்று துளசிமதி தோற்றார், வெள்ளி. மனிஷா மனசு உடைந்துபோய் இறங்கியிருப்பார் என்று நினைத்தேன், வெண்கலப் போட்டியில் டென்மார்க் பெண்ணை 21-12, 21-8 என்று முடித்துவிட்டார். ஓசூர் நித்யஸ்ரீ சிவன் உயரம் குறைந்தவர்களுக்கான SH6-இல் வெண்கலம். பேட்மிண்டனில் இந்தியா வாங்கிய 5 பதக்கத்தில் 3 தமிழ்நாட்டுப் பெண்களுடையது, இதைக்கூட நம்ம ஊரில் நிறையப் பேருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு விஷயம். பாராலிம்பிக்ஸில் பேட்மிண்டன் சேர்ந்ததே டோக்கியோவில்தான். ஏற்கெனவே கோர்ட்டும் கோச்சும் ஆடுகிறவர்களும் நம்மிடம் இருந்த ஆட்டம் உள்ளே வந்தது, பதக்கமும் வந்தது. அதனால் 4-லிருந்து 29 ஆனதில் இதற்கும் பங்கு உண்டு, நேர்மையாகச் சொல்ல வேண்டுமே.

"நாலைந்து பேர்" என்கிற நண்பருக்கு SL3, அதாவது காலில் குறைபாட்டோடு நின்று ஆடுகிறவர்களின் இறுதிப்போட்டியைப் போட்டுக் காட்டுங்கள். நிதேஷ் குமாரும் பிரிட்டனின் டேனியல் பெத்தெல்லும். 21-14, 18-21, 23-21. எண்பது நிமிடம். ரயில் விபத்தில் கால் போனவர் நிதேஷ். ஒரே ராலியில் எத்தனை தடவை முன்னும் பின்னும் போகிறார் என்று எண்ணச் சொல்லுங்கள்.


நீச்சல்_அப்பா எழுதியது:

நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். கொண்டாட்டத்தைக் கெடுப்பதாக யாரும் நினைக்காதீர்கள், எங்கள் வீட்டிலும் மாரியப்பன் உயரம் தாண்டுதலில் 1.85 மீட்டர் தாண்டி மூன்றாவது முறையாகப் பதக்கம் வாங்கியபோது கத்தித் தீர்த்தோம்.

29-இல் 17 தடகளம், 5 பேட்மிண்டன், 4 துப்பாக்கி சுடுதல், 2 வில்வித்தை, 1 ஜூடோ. சரியா? இப்போது இதைப் பாருங்கள். பாரிஸில் தடகளத்துக்கு 164 பதக்கப் போட்டி, அதற்கு அடுத்தபடி நீச்சலுக்கு 141. மொத்தத்தில் கால் பங்கு நீச்சல். நாம் அனுப்பியது ஒரே ஒருவர், சுயஷ் ஜாதவ். 84 பேரில் ஒருவர். அந்த மனிதரைக் குறை சொல்லவில்லை, தனியாளாக நிற்கிறார். கூடைப்பந்து, கோல்பால், பார்வையற்றோர் கால்பந்து, உட்கார்ந்து ஆடும் கைப்பந்து, இப்படிக் குழு ஆட்டம் ஒன்றில்கூட நாம் இல்லை.

இத்தனைக்கும் பாராலிம்பிக்ஸில் இந்தியாவின் முதல் தங்கமே தண்ணீரில்தான் வந்தது. 1972 ஹைடல்பெர்க், முரளிகாந்த் பெட்கர், 50 மீட்டர். 1965 போரில் குண்டடி பட்ட ராணுவ வீரர். அதற்குப் பிறகு 52 வருடம், நீச்சலில் ஒரு பதக்கம் கிடையாது.

ஏன் என்று எனக்கு ஓரளவு தெரியும், ஏனென்றால் என் பையனுக்கு 13 வயது, பிறந்ததிலிருந்து பெருமூளை வாதம், இரண்டு காலும் கத்தரி மாதிரி இறுகிக்கொள்ளும். பிசியோதெரபிஸ்ட் தண்ணீரில் இறக்கச் சொன்னார். எங்கள் ஊரில் ஒரு நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம். வாசலில் நாலு படி, அவனைத் தூக்கிக்கொண்டேன். உடை மாற்றும் அறைக் கதவில் வீல்சேர் நுழையவில்லை. மறுநாள் தையல் டேப் கொண்டுபோய் அளந்தேன், கதவு 60 சென்டிமீட்டர், வண்டி 64. அந்த நாலு சென்டிமீட்டருக்காக என் பையன் கார் பின்சீட்டில் உடை மாற்றினான், வயசுக்கு வருகிற பையன். தண்ணீரில் இறங்க நேர்குத்தாக ஓர் இரும்பு ஏணி, முட்டி மடக்க முடியாதவன் அதில் எப்படி இறங்குவான்? மூன்றாவது நாள் அங்கிருந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மற்ற பிள்ளைகளின் பெற்றோர் சங்கடப்படுகிறார்கள், கூட்டம் இல்லாத நேரத்தில் வாருங்கள் என்றார். கூட்டம் இல்லாத நேரம் எது என்றால் மத்தியானம் இரண்டு மணி. ஏப்ரல் மாதம். தரை கொதிக்கும்.

இப்போது வேறு இடத்தில், 22 கிலோமீட்டர் தள்ளி, போகிறோம். அங்கே இருக்கிற கோச்சுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும், இந்த மாதிரிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் கிடையாது, ஆனால் "நானும் கற்றுக்கொள்கிறேன் சார்" என்று சொன்னான். தண்ணீரில் பத்து நிமிடம் இருந்தால் காலின் இறுக்கம் தானாக விடும். வெளியே எவ்வளவு பிடித்து இழுத்தாலும் பிரியாத முட்டி இரண்டும் தண்ணீரில் விலகி மிதப்பதை நான் முதல்முறை பார்த்த அன்றைக்கு அவன் முதுகுக்குக் கீழே என் கை இருந்தது. "அப்பா, கையை எடு" என்றான்.

பிரேசில் பையன் கேப்ரியல் அராவுஜோவைப் பாரிஸில் பார்த்தீர்களா? கை கிடையாது, கால் குட்டை, டால்பின் மாதிரி உடம்பை வளைத்து வளைத்தே போகிறான், மூன்று தங்கம். பிரேசில் மொத்தம் 89 பதக்கம், ஐந்தாவது இடம். என் பையன் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

தறிவீடு கேட்டது 29 வளர்ச்சியா என்று. வளர்ச்சிதான். ஆனால் குளத்து வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.


கோவைக்குளிர் எழுதியது:

நீச்சல்_அப்பா சார், படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒரு மாற்றுக் கருத்து, தப்பாக நினைக்காதீர்கள். நீச்சல் குளம் கட்டப் பணம் வேண்டும், பராமரிக்கத் தண்ணீரும் ஆளும் வேண்டும். ஈட்டிக்கும் குண்டுக்கும் ஒரு மைதானம் போதும். எதில் நமக்குப் பதக்கம் வருகிறதோ அதில் பணத்தைப் போட்டு இன்னும் பத்து தரம்பீர்களை உருவாக்குவதுதானே புத்திசாலித்தனம்? தமிழ்நாடு அரசு வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடி என்று நம்ம நாலு பேருக்கு 5 கோடி கொடுத்தது, இதுவும் சின்ன விஷயம் இல்லை.


பிடி_வாத்தியார் எழுதியது:

தம்பி, பரிசுப் பணம் தேவைதான், நான் வரவேற்கிறேன். மாரியப்பன் குடும்பம் இருந்த நிலை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் பஸ் ஏறிக் கால் நசுங்கிய பிள்ளை. ஆனால் அந்தப் பணம் மேடை ஏறிய பிறகு வருவது. பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போது மைதானத்துக்கு வர ஆட்டோ காசு யார் கொடுப்பது என்பதுதான் நான் பணியில் இருந்தவரை பட்ட பாடு. விளையாட்டு நாள் அன்றைக்கு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை நிழலில் உட்கார வைத்து வேடிக்கை பார்க்கச் சொல்வோம். நானும் அதைச் செய்திருக்கிறேன், மாரியப்பன் ரியோவில் 1.89 தாண்டித் தங்கம் வாங்கும்வரை எனக்கு அது தப்பு என்றே உறைக்கவில்லை.

வருவதில் மட்டும் பணம் போடு என்றால் கபில் பர்மார் எப்படி வந்திருப்பார்? பாரிஸுக்கு முன்னால் நமக்கு ஜூடோவில் ஒரு பதக்கமும் கிடையாது. பெண்கள் கணக்கையும் பாருங்கள். 2016-இல் தீபா மாலிக் வெள்ளி வாங்கும்வரை இந்தியப் பெண் ஒருவர்கூடப் பாராலிம்பிக்ஸ் பதக்கம் வாங்கியதில்லை. எட்டு வருடம் கழித்துப் பாரிஸில் பெண்கள் தனியாகவே 10, வில்வித்தையில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து ஷீத்தல் தேவி வாங்கியது இன்னொன்று. 2015-இல் யாராவது "பெண்களுக்குப் பதக்கம் வருவதில்லை, ஆண்களுக்கே செலவு செய்வோம்" என்று முடிவு செய்திருந்தால்?

அப்புறம், குளம் புதிதாகக் கட்டச் சொல்லவில்லையே அவர். இருக்கிற குளத்தில் ஒரு சாய்தளம், ஒரு அகலமான கதவு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே விளையாட்டுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கேட்கிற ஆள் வேண்டும்.


நீச்சல்_அப்பா எழுதியது:

பி.டி. சார், நன்றி. கோவைக்குளிர், உங்கள் மேல் வருத்தம் எதுவும் இல்லை. செலவைப் பற்றி ஒரு தகவல் மட்டும்: இப்போது போகிற இடத்தில் ஏணிக்குப் பதிலாக அகலமான படியும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் வைத்தார்கள், உள்ளூர் வெல்டர்தான் செய்தார், இரண்டு நாள் வேலை. இப்போது அதில் என் பையன் மட்டும் இறங்கவில்லை, முட்டிவலி உள்ள பாட்டிகள் நாலைந்து பேர் காலையில் வருகிறார்கள்.


தறிவீடு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

நண்பரிடம் தண்ணீர் பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். நிஜமாகவே கேன்டீனில் நாற்காலியில் உட்கார்ந்து விரலை மடக்காமல் எறிந்து பார்த்தார், பாட்டில் அவர் காலடியிலேயே விழுந்தது. பிறகு நிதேஷ் இறுதிப்போட்டியின் மூன்றாவது செட்டை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். 21-21 வரும்போது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "போட்டி கம்மி" என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை, ஆனால் 549-க்கு 4,400 பேர் என்கிற கணக்கையும் நானே அவரிடம் சொன்னேன், மறைக்கவில்லை.

நீச்சல்_அப்பா, உங்கள் பதிவைப் படித்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நீச்சல் குளத்துக்கு டேப் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் இரண்டு படி, பக்கத்தில் சாய்தளம் கிடையாது. உடை மாற்றும் அறைக் கதவு 78 சென்டிமீட்டர். இறங்குவதற்கு ஒரு மூலையில் அகலமான படி இருக்கிறது, ஆனால் கைப்பிடி ஒரு பக்கம்தான். மேனேஜரிடம் பேசினேன், எழுதிக் கொடுங்கள் பார்க்கலாம் என்றார். என்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.


நீச்சல்_அப்பா எழுதியது:

78 தாராளம். சாய்தளம் உயரத்துக்குப் பன்னிரண்டு மடங்கு நீளம் இருக்க வேண்டும், வாசல் படி இரண்டும் சேர்ந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று அளந்து அனுப்புங்கள். கைப்பிடி நிற்கிற பக்கம் இறங்கும்போது வலதா இடதா? என் பையனுக்கு வலது கைதான் பலம்.